தற்காப்பு என்பது வீடு வந்து சேர்வது

1988 டிசம்பர் 27. பஞ்சாபின் பாட்டியாலா நகரில் ஒரு சாலைச் சந்திப்பு. நடுச்சாலையில் ஒரு ஜிப்ஸி வண்டி நிற்கிறது. பின்னால் மாருதி காரில் வந்த 65 வயதுப் பெரியவர் வழிவிடச் சொல்கிறார். பேச்சு தடித்துக் கைகலப்பாகிறது. ஜிப்ஸியில் வந்த இளைஞரின் கை பெரியவரின் தலையில் இறங்குகிறது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அடித்தவர் நவ்ஜோத் சிங் சித்து. அப்போது 25 வயது, இந்தியக் கிரிக்கெட் அணியின் ஆட்டக்காரர்.

வழக்கு 1999இல் விடுதலையில் முடிந்தது. 2006இல் உயர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 1,000 ரூபாய் அபராதமாகக் குறைத்தது. பெரியவரின் குடும்பம் விடவில்லை. 2022 மே 19 அன்று மறு ஆய்வில் அதே நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போன்ற உடல்வலு மிக்கவரிடம் கையே ஆயுதமாகிவிடும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இருவருக்கும் முன்பகை கிடையாது. ஆயுதம் எதுவும் வெளியே எடுக்கப்படவில்லை. வண்டிக்கு வழி கேட்டதில் தொடங்கியது, ஓர் உயிரையும் இரு குடும்பங்களின் முப்பது வருடத்துக்கு மேலான நிம்மதியையும் கொண்டுபோனது.

நம் ஊர்த் தெருக்களில் நடப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். சிக்னலில் கண்ணாடி உரசியது, டாஸ்மாக் வாசலில் தோள் இடித்தது, பேருந்து நிலையத்தில் ‘என்ன முறைக்கிற?’ என்று கேட்டது. காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் ‘வாய்த்தகராறில் வாலிபர் குத்திக்கொலை’ என்று மூன்று பத்திச் செய்தி. திட்டமிட்டு வந்து வெட்டும் கூலிப்படையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சாதாரண மனிதர்கள் சாதாரண நாளில் பத்து நிமிடத்தில் கொலைகாரராகவும் பிணமாகவும் ஆவதைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளியிலும் சொல்லித் தரவில்லை, வீட்டிலும் சொல்லித் தரவில்லை. சினிமா மட்டும் சொல்லித் தந்திருக்கிறது. அதுவும் தவறாக. ஒருவன் பத்துப் பேரை அடித்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு நடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, திரும்பி நடப்பவன் தோற்றவன் என்ற எண்ணம் மனதில் ஊறிப்போகிறது.

அரசு ‘தற்காப்பு’ என்ற பெயரில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், ராணி லட்சுமிபாய் பெயரிலான பயிற்சியின் கீழ் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 3 மாதம் கராத்தே, சிலம்பம் போன்றவை கற்றுத் தரப்படுகின்றன. நல்ல உடற்பயிற்சி, பிள்ளைகளுக்கு நிமிர்வு வருகிறது. ஆனால் வரிசையாக நின்று எண்ணிக்கைக்கு ஏற்பக் காற்றைக் குத்துவது, பின்னால் இருந்து ஒருவன் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கும் நொடிக்கு உதவாது. அந்த நொடிக்கு முந்தைய ஐந்து நிமிடமும், பிந்தைய ஐந்து நிமிடமும் அந்தப் பாடத்தில் இல்லை. தற்காப்பில் முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது.

அடி விழும் முன் உடம்பு சொல்லிவிடும். எதிரே நிற்பவன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அது சத்தத்தோடு போகும். கத்திக்கொண்டிருந்தவன் சட்டென்று பேச்சை நிறுத்தினால் கவனிக்க வேண்டும். உங்கள் முகத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் நோட்டம் விடுகிறானா? சாட்சி இருக்கிறதா என்று பார்க்கிறான். வேட்டியையோ கைலியையோ மடித்துக் கட்டுகிறானா, செருப்பை உதறுகிறானா, ஹெல்மெட்டைத் தலையிலிருந்து கழற்றிக் கையிலேயே வைத்திருக்கிறானா? ஒரு காலைப் பின்னுக்கு வைத்து உடம்பைப் பக்கவாட்டில் திருப்புகிறானா? ஒரு கை இடுப்புக்குப் பின்னால் போய்த் திரும்பி வரவில்லையா? அவனோடு வந்தவன் மெதுவாக உங்கள் முதுகுப் பக்கம் நகர்கிறானா? இதில் ஏதோ இரண்டு சேர்ந்து தெரிந்தால் வாதம் முடிந்துவிட்டது என்று பொருள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த இடத்தில் இனி வேலை இல்லை.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலைய வாசலில் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஆட்டோ திரும்பும்போது பைக்கின் பின்பக்கம் உரசிவிட்டது. பைக்கில் இருந்த பையன் ஸ்டாண்டு போட்டு இறங்கி, ஹெல்மெட்டைப் பட்டையில் பிடித்துத் தொங்கவிட்டபடி வந்தான். ஆட்டோக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் வண்டியை விட்டு இறங்கிய விதத்தைத்தான் கவனித்தேன். பையன் வந்த பக்கம் இறங்கவில்லை. மறுபக்கம் இறங்கினார். இரண்டு உள்ளங்கையும் நெஞ்சுக்கு நேரே வெளியே தெரியும்படி விரித்து, ‘தம்பி, தம்பி, என் மேலதான் தப்பு. வண்டியைப் பாருங்க, என்ன செலவோ நான் தர்றேன்’ என்றார். பையன் சுற்றி வந்தான். அவரும் பேசிக்கொண்டே சுற்றினார். எப்போதும் இருவருக்கும் நடுவில் ஆட்டோ. இரண்டு சுற்றுக்குள் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பையன் ஹெல்மெட்டை ஓங்கி ஆட்டோவின் மேல் படுதாவில் ஒரு போடு போட்டுவிட்டுக் கிளம்பினான். அவர் படுதாவைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த சவாரிக்கு வண்டியை எடுத்தார்.

அந்த விரித்த கைகளைப் பார்ப்பவர்களுக்கு அது கெஞ்சல். தெரிந்தவர்களுக்கு அது காவல். முகத்துக்கு வரும் அடியைத் தடுக்க அந்தக் கைக்கு ஒரு சாண் தூரம் போதும். நாளை வழக்கென்று வந்தால், யார் சண்டைக்குப் போகவில்லை என்பதற்கு அங்கிருந்த அத்தனை பேரும் சாட்சி. சுட்டுவிரலை ஆட்டிப் பேசுவது, ‘தில் இருந்தா கை வைடா’ என்பது, வீட்டுப் பெண்களை இழுத்து ஏசுவது, போனைத் தூக்கி முகத்துக்கு நேரே வீடியோ எடுப்பது ஆகிய நான்கையும் தவிர்த்தாலே பாதிச் சண்டை கைகலப்பு வரை போகாது. எதிராளி தன் ஆட்கள் முன்னால் முகம் கெடாமல் விலகிப்போக ஒரு வழி வேண்டும். அதைத் திறந்துவிடுபவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

இதைச் சொல்லும்போதே ஒன்று உறுத்துகிறது. ‘பணிந்து போ, மன்னிப்புக் கேள்’ என்பதைத்தான் இந்த மண்ணில் சில மக்களிடம் ஆதிக்கம் செய்தவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அங்கே விலகி நடக்கத் தெரு எங்கே இருக்கிறது? அது வாய்த்தகராறு அல்ல, சாதி வன்மம். அதற்கான பதிலைத் தனி மனிதரின் சாதுர்யத்தில் தேடுவது அநியாயம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த பரிந்துரைகளும்தான் அதற்கான இடம். நான் இங்கே பேசுவது, முகம் தெரியாத இருவர் தெருவில் மோதிக்கொள்ளும் சண்டையையும், வழிப்பறியையும், தனியாக வரும் பெண்ணைக் குறிவைக்கும் வன்முறையையும் பற்றி மட்டுமே.

அவற்றில் முதலாவதாக மனதில் பதிய வேண்டியது தூரம். 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியைக் கடக்க எடுத்துக்கொள்வது சுமார் ஒன்றரை நொடி. துப்பாக்கி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற காவலருக்கே அதை உறையிலிருந்து எடுத்துச் சுட அவ்வளவு நேரம் ஆகிவிடும். 21 அடி என்பது ஒரு மினி பேருந்தின் நீளம். வெறுங்கையோடு மூன்றடியில் நின்று கத்திக்காரனிடம் பேசுபவருக்கு என்ன அவகாசம் இருக்கும்? கத்தியைக் கண்டதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடுவது. ஓட முடியாவிட்டால் நடுவில் பொருள் வேண்டும். நிறுத்திய பைக், காய்கறி வண்டி, நாற்காலி, முதுகுப்பை எதுவானாலும் சரி. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கத்தியைத் தட்டிவிடுவதெல்லாம் ஒத்திகை பார்த்து எடுக்கும் காட்சி. நிஜத்தில் கத்தி ஒரு முறை வந்து நிற்பதில்லை. தையல் மிஷின் ஊசி போலப் போய்ப்போய் வரும்.

நம் சிலம்ப ஆசான்கள் இதை அறிந்தவர்கள். கம்பைச் சுழற்றக் கற்பதற்கு முன் காலடி கற்க வேண்டும் என்பது பழைய மரபு. நேராகப் பின்வாங்காதே, பக்கம் மாறு என்று கால்களுக்குப் பழக்குவார்கள். மேடையில் வாத்தியத்தோடு சுழலும் கம்பைப் பார்த்துக் கைதட்டும் நாம் அந்தக் காலைப் பார்ப்பதில்லை. பள்ளியில் சிலம்பம் சொல்லித் தருபவர்கள் காலடியையே பாடத்தின் மையமாக வைத்தால் அது உண்மையிலேயே தற்காப்பு ஆகும்.

எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் யோசிக்க வேண்டியது. வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற பக்கம். மெடிக்கல் ஷாப், பெட்ரோல் பங்க், டீக்கடை, கல்யாண மண்டபம். ஏடிஎம் அறைக்குள் ஓடி ஒளிவது பொறியில் போய் விழுவது. ஆளில்லாத சந்து வேண்டாம். வண்டியில் ஏறு என்று மிரட்டினால், கத்தி இருந்தாலும், அந்த இடத்திலேயே கூச்சல் போட்டு எதிர்ப்பது நல்லது என்பதுதான் தற்காப்புப் பயிற்றுநர்கள் பலரும் சொல்வது. அவன் கொண்டுபோக நினைக்கும் இடம் எதுவானாலும், நிற்கும் இடத்தைவிட அவனுக்கு வசதியானது.

சங்கிலிப் பறிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2025 மார்ச் 25 காலையில் சென்னையில் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் திருவான்மியூர், சைதாப்பேட்டை உள்ளிட்ட இடங்களில் அடுத்தடுத்து பைக்கில் வந்து பறித்தார்கள். விமானம் ஏறித் தப்பப் பார்த்தவர்களைப் போலீஸார் விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். அவ்வளவு வேகமாக எப்போதும் பிடிபடுவதில்லை. ஆனால் பறிகொடுத்த பெண்ணுக்கு ஆபத்து, போன தங்கத்தில் மட்டும் இல்லை. கழுத்தில் கை பட்டதும் இரண்டு கையும் தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பைக் நகர்கிறது. முழங்கால் தார்ச்சாலையில் தேய, தலை தரையில் மோதுகிறது. அந்தப் பிடி பேராசையால் வருவதல்ல. அது தாலி, விட்டால் அபசகுனம் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கை. ‘அம்மா, தாலி போனா போகட்டும், நீ வந்து சேரு’ என்று வீட்டில் கணவரும் பிள்ளைகளும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி வைக்க வேண்டும். ஒரு நொடியில் முடிவெடுக்க முடியாத விஷயத்தை நிதானமான நாளிலேயே முடிவெடுத்து வைப்பதுதான் வழி. நடக்கும்போது சாலையின் வலது ஓரம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி. பேருக்கு ஓர் ஊக்கை மாட்டிச் சேலையோடு சேர்த்துவைப்பது பழைய பழக்கம். அது சங்கிலியோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதைப் படித்ததும் பலருக்கு 2019 ஆகஸ்டில் இன்றைய தென்காசி மாவட்டம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்தது நினைவுக்கு வரும். தோட்ட வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னால் இருந்து முகமூடிக்காரன் ஒருவன் துணியால் இறுக்கினான். சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி முதலில் கையில் எடுத்தது செருப்பு. பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள். அரிவாளோடு வந்த இருவரும் பின்வாங்கினார்கள். சிசிடிவி காட்சி நாடெங்கும் பரவியது, சுதந்திர தின விழாவில் முதலமைச்சர் அவர்களுக்கு வீரச் செயலுக்கான விருது கொடுத்தார். தகுதியான விருது. ஆனால் அந்தக் காட்சியை மறுபடி நிதானமாகப் பாருங்கள். அவர்கள் இருந்தது சொந்த வீட்டு வாசல். அந்த வயதில், அந்த இருட்டில் ஓடிப்போக வேறு இடம் இல்லை. அம்மா அரிவாளோடு மல்லுக்கட்டவில்லை, கைக்கு எட்டாத தூரத்திலிருந்து வீசிக்கொண்டே இருந்தார். நாற்காலியைக் கேடயமாகப் பிடித்தார்கள். இருவரும் சேர்ந்தே நின்றார்கள். அப்படியும் அம்மாவுக்குக் கையில் வெட்டு, கழுத்துச் சங்கிலி போயிற்று. தூரம், தடுப்பு, கூச்சல், துணை: பயிற்றுநர் யாரும் சொல்லிக் கொடுக்காமலே இவை நான்கும் அங்கே இருந்தன. வீரம் என்று மட்டும் சொல்லிவிட்டால் இது எதுவும் மற்றவர்களுக்குப் பயன்படாது.

பயம் வரும்போது உடம்பு என்ன செய்யும் என்று தெரிந்து வைத்திருப்பதும் உதவும். நெஞ்சு படபடக்கும், காது அடைத்தது போல ஆகும், பக்கத்தில் நடப்பது கண்ணில் படாது. விரல்கள் நடுங்கும், போனில் எண் அழுத்துவதோ, கைப்பையின் அடியில் கிடக்கும் மிளகு ஸ்பிரேயைத் தேடுவதோ நடக்காது. சிலர் அப்படியே உறைந்து நின்றுவிடுவார்கள். அது கோழைத்தனம் இல்லை, எல்லா உயிருக்கும் உள்ள இயல்பு. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ‘நீ ஏன் கத்தவில்லை?’ என்று கேட்கும் காவலரும் வழக்கறிஞரும் இதை முதலில் படிக்க வேண்டும். உறைந்த உடம்பை அசைக்க எளிய வழி மூச்சை வெளியே விட்டுச் சத்தம் போடுவது. சத்தம் போட்டால் கால் அசையும். 112க்கு அழைக்கும் அவசர வசதி உங்கள் போனில் எந்தப் பொத்தானில் இருக்கிறது, ‘காவல் உதவி’ செயலி எங்கே இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வையுங்கள்.

எல்லாம் கைமீறி, ஓடவும் முடியாமல், அவன் கை உங்கள் மேல் விழுந்துவிட்டால்? நோக்கம் அவனை வீழ்த்துவதல்ல. பிடி தளர வேண்டும். மணிக்கட்டைப் பிடித்தால் அவனுடைய கட்டை விரல் இருக்கும் பக்கமாக இழுங்கள். பிடியில் பலவீனமான இடம் அதுதான். விரல்களை மடக்கி முகத்தில் குத்தாதீர்கள். மண்டை எலும்பில் பட்டு உடைவது உங்கள் சுண்டுவிரல் எலும்பாகத்தான் இருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடையையோ மூக்கையோ கீழிருந்து மேலே தள்ளலாம். முழங்கை கிட்டத்தில் வலுவானது. முழங்காலுக்குக் கவட்டை, குதிகாலுக்கு அவன் பாதம். கண்ணும் தொண்டையும் உயிராபத்தான நேரத்துக்கு மட்டும். எதைச் செய்தாலும் முழு பலத்தோடு, தொடர்ந்து, பிடி தளரும்வரை. தளர்ந்ததும் நின்று பார்க்காமல் ஓட வேண்டும்.

கீழே விழக் கூடாது என்பது விதி. விழுந்தே ஆக வேண்டுமென்றால் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு பின்மண்டையைக் காக்க வேண்டும். அடியைவிட அடிபட்டு விழும்போது தரையில் மோதும் தலையே பல நேரங்களில் உயிரைப் பறிக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2012இலும், 2013 டிசம்பர் 31 இரவில் தாக்கப்பட்டு 2014 ஜனவரியிலும் இரண்டு இளைஞர்கள், தெருவில் முகந்தெரியாத ஒருவர் விட்ட ஒரே குத்தில் விழுந்து இறந்தார்கள். அதன்பின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், போதையில் ஒரே அடியில் உயிர் போக்கினால் குறைந்தது 8 ஆண்டு சிறை என்று 2014இல் சட்டமே கொண்டுவந்தது. தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று ‘ஒன்றுமில்லை’ என்று நன்றாகப் பேசலாம். சில மணி நேரம் கழித்து வாந்தி, மயக்கம் என்று சரியலாம். மண்டைக்குள் ரத்தம் கசிவதற்கு அப்படி ஒரு குணம் உண்டு. அன்றிரவு அவரைத் தனியே தூங்கவிடக் கூடாது.

பெண்களின் தற்காப்பு பற்றி எனக்குத் தெரிந்து மிக உறுதியான சான்று கனடாவில் இருந்து வருகிறது. சார்லின் சென் என்ற உளவியல் பேராசிரியரின் குழு, மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தது. 2015இல் வெளியான முடிவு: அடுத்த ஓராண்டில் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம், பெற்றவர்களில் 5.2 சதவீதம். அந்த 12 மணி நேரத்தில் உதையும் குத்தும் ஒரு பகுதிதான். மீதி நேரம் ஆபத்தை முன்பே அடையாளம் காண்பதற்கும், தெரிந்த ஆண் ஒருவனிடம் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் தயக்கத்தை உடைப்பதற்கும் போனது. நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்வது ‘சத்தமாப் பேசாதே’, ‘பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே’. பதினைந்து வருடம் குரலை அடக்கிப் பழக்கிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் கராத்தே உடை மாட்டிவிட்டால் குரல் எங்கிருந்து வரும்?

குரல் கொடுத்தால் யார் வரப்போகிறார்கள் என்ற கசப்பு நமக்கு உண்டு. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். சுற்றிலும் பயணிகள். அந்த வெட்கம் இன்றும் நம்மோடு இருக்கிறது. இருந்தாலும் அதை மட்டுமே வைத்து மனிதர்களை எடைபோட வேண்டாம். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களில் தெருச் சண்டைகள் பதிவான 219 சிசிடிவி காட்சிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, பத்தில் ஒன்பது சம்பவங்களில் யாரேனும் ஒருவராவது தலையிட்டார்கள் என்று காட்டியது. ஆட்கள் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடியது. முதல் ஆள் அடி எடுத்து வைப்பதில்தான் தயக்கம். ஆகவே பொதுவாக ‘காப்பாத்துங்க’ என்பதைவிட ஆளைக் குறித்துக் கூப்பிடுவது பலன் தரும்: ‘நீலச் சட்டை அண்ணே, இவன் யாருன்னே தெரியாது, போலீஸுக்குப் போன் போடுங்க!’ ‘யாருன்னே தெரியாது’ என்பது முக்கியம். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர்கள் ஏராளம். நீங்கள் அந்த நீலச் சட்டைக்காரராக இருந்தால், நடுவில் பாய வேண்டாம். தள்ளி நின்று சத்தம் போடுங்கள், இன்னும் இருவரைச் சேருங்கள், பாதிக்கப்பட்டவரைத் தெரிந்தவர் போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இழுத்துக்கொள்ளுங்கள்.

கத்திக்குத்தில் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடத்தில் உயிர் போகும். 108 வண்டி வரும்வரை அங்கிருப்பவர்தான் மருத்துவர். துண்டோ துப்பட்டாவோ எடுத்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் முழு எடையையும் கொடுத்து அழுத்துங்கள். ரத்தம் நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் மேலேயே இன்னொன்று. கத்தி உள்ளே நிற்கிறதென்றால் உருவக் கூடாது. அதுவே அடைப்பாக இருக்கலாம். மஞ்சள் தூளும் காப்பித் தூளும் வேண்டவே வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. உங்கள் உடலை மட்டுமல்ல, பிறர் உடலைக் காக்கவும் உரிமை உண்டு. கொலை, கொடுங்காயம், வல்லுறவு, கடத்தல், அமில வீச்சு போன்றவை நடக்கும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போனாலும் அது குற்றமாகாது என்கிறது 38ஆவது பிரிவு. 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே கத்தி முனையில் தன்னிடம் அத்துமீற முயன்றவனை அந்தக் கத்தியாலேயே குத்திவிட்டு, தானே காவல் நிலையம் சென்று சொன்ன 19 வயதுப் பெண்ணைக் காவல் துறை பழைய சட்டத்தின் இதே விதியைக் காட்டிச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது. தாக்கப்படுகிறவர் அந்த நேரத்தில் தராசு வைத்து அளந்து தடுக்க முடியாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது.

உரிமைக்கு ஒரு கோடும் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது, காவல் துறையை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்கிறது 37ஆவது பிரிவு. அச்சம் தீர்ந்த நொடியில் உரிமையும் தீர்கிறது. ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து அடிப்பதும், விழுந்துகிடப்பவனை மிதிப்பதும் தற்காப்பு ஆகாது. பிடிபட்ட வழிப்பறிக்காரனைக் கம்பத்தில் கட்டிவைத்து ஊரே அடித்துக் கொன்ற செய்திகளை நாம் சாதாரணமாகப் படித்துக் கடக்கிறோம். அங்கே அடித்த ஒவ்வொருவரும் கொலை வழக்கின் எதிரி.

தப்பி வந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. சிறு காயம் என்றாலும் அரசு மருத்துவமனைக்குச் சென்று ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போட வேண்டும். என்ன நடந்தது, எத்தனை பேர், எதனால் அடித்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்வதுதான் பின்னால் வழக்கின் அடித்தளம். அடித்தவன் முந்திக்கொண்டு புகார் கொடுத்து, அடிபட்டவர் எதிரியாகும் கதை எல்லாக் காவல் நிலையத்திலும் உண்டு. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் பதியலாம் என்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் கோரிக்கை இதுதான். அந்த 3 மாதப் பயிற்சியில் 12 மணி நேரத்தை ஒதுக்குங்கள், ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவில் கத்தி எடுப்பவர்களும் கத்தியால் சாகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களுக்கு அந்தப் பயிற்சியில் இடம் இல்லை. ஒருநாள் கூச்சல் போடக் கற்றுக்கொடுங்கள். மைதானத்தில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்த வெட்கப்படும் பிள்ளைகளை வெட்கம் போகும்வரை கத்த விடுங்கள். ஒருநாள் விலகிப் போவதை நடித்துப் பார்க்கட்டும்: ஒருவன் வம்புக்கு இழுக்க, இன்னொருவன் கையை விரித்து, தூரம் காத்து, மன்னிப்புக் கேட்டு, கூட்டத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஒருநாள் பக்கத்து 108 வண்டியின் ஊழியர் வந்து துண்டை வைத்து ரத்தத்தை நிறுத்திக் காட்டட்டும். ஒருநாள் உள்ளூர் உதவி ஆய்வாளர் வந்து, புகார் எழுதுவது எப்படி, ரசீது கேட்பது எப்படி என்று பலகையில் எழுதிப் போடட்டும். இவர்களில் யாருக்கும் தனியாகச் சம்பளம் தரத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும்.